மூணு சிலிண்டர் 796 சிசிக்கு உள்ளங்கை அளவு இசியு: எந்த சிப், எப்படி பிசிபி?

மேலமாசி_800
796 சிசி, மூணு சிலிண்டர், ஃபயரிங் ஆர்டர் 1-3-2. காலேஜ் போட்டி வண்டிக்கு, ரோட்டுக்கு இல்லை. த்ராட்டில் பாடி, ஃபியூயல் ரயில், பம்ப் எல்லாம் இருக்கு, இசியு (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் போர்டு) மட்டும் இல்லை. சொந்தமா டிசைன் பண்ணணும். போர்டு 80க்கு 60 மில்லிமீட்டருக்குள்ள முடியணும், டாஷ்போர்டுக்குக் கீழ அம்புட்டு இடந்தான். ப்ராசசர் சிப் எஸ்டிஎம்32எஃப்407 போதுமா, இல்ல அதைவிட வேகமான எஃப்7 போகணுமா? 6000 ஆர்பிஎம்ல டைமிங் பிசகக் கூடாது. பெரியவங்க சொல்லுங்க.

பழங்காநத்தம்_டைமிங்
தம்பி, சிப் வேகத்தை நினைச்சுத் தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 6000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 100 சுத்து. 36-1 ட்ரிகர் வீல்னா (கிராங்கோட சுத்துற பல் வீல், 36 பல் இடத்துல ஒண்ணு பொக்கை) ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல 278 மைக்ரோ செகண்ட். கிராங்க் ஒரு டிகிரி திரும்பவே கிட்டத்தட்ட 28 மைக்ரோ செகண்ட் ஆகுது. ஸ்பீடுயினோங்கிற ஓப்பன் சோர்ஸ் இசியு 16 மெகாஹெர்ட்ஸ் ஏடிமெகா2560-ல 4 மைக்ரோ செகண்ட் டிக்கை வச்சுக்கிட்டு ஓடுது. அந்த 4 மைக்ரோ செகண்டே 0.14 டிகிரிதான். 168 மெகாஹெர்ட்ஸ் எஃப்407-க்கு இதெல்லாம் தூசி. பல் வர்ற நேரத்தை டைமரோட இன்புட் கேப்சர்ல பிடிங்க, ஸ்பார்க்கையும் இன்ஜெக்டரையும் அவுட்புட் கம்பேர்ல விடுங்க. டிஐஎம்2-ம் டிஐஎம்5-ம் 32 பிட், ஓவர்ஃப்ளோ தலைவலியும் இல்லை.

சிப்ல பார்க்க வேண்டியது வேற. எஃப்407-ல ஃப்ளாஷ் ஒரே பேங்க். அழிக்கிற நேரத்துல சிபியு அந்த ஃப்ளாஷ்ல இருந்து கோடு எடுக்க முடியாம அப்படியே நிக்கும். 128 கேபி செக்டர் அழிய ஒரு செகண்ட், 16 கேபி செக்டரே கால் செகண்ட். ஓடுற இன்ஜின்ல லேப்டாப்பை மாட்டி ட்யூனை (பெட்ரோல், ஸ்பார்க் அளவு டேபிள்) சேவ் பண்ணுனா இன்ஜின் அணைஞ்சிரும். அணைஞ்சாக்கூடப் பரவாயில்லை, அந்த நேரத்துல ஏதாவது இக்னிஷன் காயில் ஆன்ல மாட்டிக்கிச்சுன்னா காயிலும் போச்சு. ட்யூன் டேபிளை வெளிய ஒரு சின்ன எஸ்பிஐ எஃப்ரேம்ல (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) வைங்க, எஃப்எம்25சிஎல்64 மாதிரி 8 கேபி போதும்.

பார்ட் நம்பரோட கடைசி எழுத்தையும் பாருங்க. விஜிடி6-னா 85 டிகிரி வரைக்கும், விஜிடி7-னா 105. நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயில்ல கண்ணாடி ஏத்திவிட்டு நிக்கிற வண்டியோட டாஷ்போர்டுக்குள்ள 6 வேணாம்.

ஒத்தக்கடை_ஓம்
சிப்பை விடுங்க. முதல்ல 12 வோல்ட் லைனைச் சொல்லுங்க. நூத்துக்குத் தொண்ணூறு வீட்டு இசியு சாகிறது அங்கதான்.

மேலமாசி_800
12 வோல்ட்டை இறக்க எல்எம்2596 மாட்யூல், முன்னாடி வோல்ட்டேஜ் எகிறலை வெட்ட ஒரு எஸ்எம்பிஜே24ஏ, பேட்டரியை மாத்தி மாட்டுனா காப்பாத்த ஒரு டயோடு. டவுன்ஹால் ரோட்டுலயே எல்லாம் கிடைக்குது. பத்தாதாண்ணே?

ஒத்தக்கடை_ஓம்
பத்தாது. ஏன்னு சொல்றேன்.

ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணிக்கிட்டிருக்கும்போது பேட்டரி டெர்மினல் கழண்டா, ஆல்டர்னேட்டரோட கரண்ட் போக இடமில்லாம வோல்ட்டேஜ் எகிறும். லோடு டம்ப்னு சொல்றது இதைத்தான். வண்டி எலெக்ட்ரானிக்ஸுக்கான ஐஎஸ்ஓ 16750-2 தரத்துல 12 வோல்ட் வண்டிக்கு 79-ல இருந்து 101 வோல்ட் வரை, 40-ல இருந்து 400 மில்லி செகண்ட், சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் அரை ஓம்ல இருந்து 4 ஓம் வரை. ஆல்டர்னேட்டருக்குள்ளயே கிளாம்ப் (வோல்ட்டேஜை மேல ஏறவிடாம பிடிக்கிறது) இருந்தா 35 வோல்ட்டோட நிக்கும். பழைய இன்ஜினோட ஆல்டர்னேட்டர்ல அது இருக்கும்னு நம்பி டிசைன் பண்ணக் கூடாது.

எஸ்எம்பிஜே மேல 600 வாட்டுன்னு போட்டிருப்பான். அது ஒரு மில்லி செகண்ட் கணக்கு. 87 வோல்ட், 2 ஓம்னு வச்சுக்குங்க: 39-ல கிளாம்ப் ஆச்சுன்னா 24 ஆம்பியர், 900 வாட்டுக்கு மேல, அதுவும் நூறு மில்லி செகண்ட் கணக்குல. சோளப்பொரி மாதிரி வெடிச்சிரும். எஸ்எம்8எஸ்24ஏ போடுங்க. டிஓ-218 பேக்கேஜ், கொஞ்சம் குண்டு, இடம் பிடிக்கும். இந்த ஒரு பார்ட்ல கஞ்சத்தனம் வேணாம். 24 வோல்ட் வரைக்கும் சும்மா இருக்கும். லாரி பேட்டரியில ஜம்ப் ஸ்டார்ட் பண்றவங்களையும் தாங்கும்.

அடுத்தது, எஸ்எம்8எஸ்24ஏ-வோட உச்ச கிளாம்ப் 38.9 வோல்ட். எல்எம்2596-க்கு எல்லையே 40. நூல் மேல நடக்குற கதை. 60 வோல்ட் பக் (ஸ்விட்சிங் ரெகுலேட்டர்) போடுங்க, எல்எம்ஆர்16030 மாதிரி. அது 4.3 வோல்ட்ல இருந்து ஓடும், செல்ஃப் அடிக்கும்போதும் ஆளு படுக்காது.

திருமங்கலம்_மெக்
பக் எதுக்கு? எல்எம்2940 லீனியர் போட்டா ரிவர்ஸ் பேட்டரி, லோடு டம்ப் ரெண்டையும் தாங்கும், ஸ்விட்சிங் இரைச்சலும் கிடையாது. சின்ன போர்டுக்கு அதுதான் சுத்தம்.

ஒத்தக்கடை_ஓம்
பார்ட் நல்ல பார்ட்தான், மறுக்கல. சூட்டைப் பாருங்கண்ணே. ப்ராசசர், சென்சார், கேன் (வண்டிக்குள்ள டேட்டா போற லைன்) எல்லாம் சேர்ந்து 250 மில்லி ஆம்பியர்னா, 14-ல இருந்து 5-க்கு இறக்க 9 வோல்ட் × 0.25 = 2.25 வாட் சூடு. போர்டு காப்பரை மட்டும் நம்புனா வாட்டுக்கு 40 டிகிரி ஏறும், அப்ப 90 டிகிரி. பெட்டிக்குள்ள ஏற்கெனவே 60 இருந்தா ஜங்ஷன் 150. எல்லையில நிக்குது. 85 சதவீத பக்னா அதே வேலைக்கு 0.22 வாட் சூடு. பெரிய பெட்டி, ஹீட்சிங்க்னா லீனியர் போடலாம். 80க்கு 60-ல முடியாது. இரைச்சலுக்கு பக் அவுட்புட்ல ஒரு ஃபெரைட் பீடு, அதுக்கப்புறம் 3.3-க்கு ஒரு சின்ன எல்டிஓ (லீனியர் ரெகுலேட்டர்).

ரிவர்ஸ் டயோடுக்குப் பின்னாடி 470 மைக்ரோஃபாரட், 63 வோல்ட், 105 டிகிரி ரகம் ஒண்ணு போடுங்க. செல்ஃப் அடிச்ச முதல் இழுவையில 11-ல இருந்து 6 வோல்ட்டுக்கு விழும்போது 13, 14 மில்லி செகண்ட் அது தாக்குப்பிடிக்கும். டயோடுக்கு முன்னாடி போட்டா அந்த சார்ஜை ஸ்டார்ட்டர் மோட்டார் குடிச்சிரும், கெபாசிட்டர் இருந்தும் பிரயோஜனமில்லை.

திருமங்கலம்_மெக்
சரி, சூட்டுக் கணக்கு ஒத்துக்கிறேன். 5 வோல்ட் சென்சார் சப்ளையையும் ப்ராசசர் 5 வோல்ட்டையும் மட்டும் ஒண்ணாக்கிடாதீங்க. டிபிஎஸ் (த்ராட்டில் கோண சென்சார்) ஒயர் எங்கேயோ உரசி பாடியில ஷார்ட் ஆனா மொத்த இசியுவும் படுத்துரும். டிஎல்இ4250 மாதிரி ட்ராக்கிங் ரெகுலேட்டர் ஒண்ணு சென்சாருக்குன்னே தனியா வேணும்.

மேலமாசி_800
குறிச்சுக்கிட்டேன். இன்ஜெக்டர் சைஸ்? கையில 250 சிசி/நிமிஷம் செட் இருக்கு, 12 ஓம். போட்டுரலாமா?

திருமங்கலம்_மெக்
கணக்கு இப்படி. 796-ஐ மூணால வகுத்தா ஒரு சிலிண்டருக்கு 265 சிசி. 100 கிலோபாஸ்கல், 35 டிகிரி காத்துன்னா 265 சிசில 0.30 கிராம். விஇ (சிலிண்டர் நிஜத்துல காத்தால நிரம்புற அளவு) 80 சதவீதம்னா 0.24 கிராம் காத்து, ஏஎஃப்ஆர் (காத்து-பெட்ரோல் விகிதம்) 13-னா 18.5 மில்லிகிராம் பெட்ரோல். 150 சிசி இன்ஜெக்டர் மில்லி செகண்டுக்கு 1.85 மில்லிகிராம் விடும். ஆக முழு த்ராட்டில்ல 10 மில்லி செகண்ட். 6000 ஆர்பிஎம்ல ஒரு சைக்கிளே 20 மில்லி செகண்ட். பாதி டியூட்டி, தாராளம்.

ஐடில்ல: 35 கிலோபாஸ்கல், விஇ 50 சதவீதம், ஏஎஃப்ஆர் 14.7-னா 3.6 மில்லிகிராம். 150 சிசில 1.9 மில்லி செகண்ட். உங்க 250 சிசில 1.2 மில்லி செகண்டுக்கும் கீழ. அந்த இடத்துல இன்ஜெக்டர் நேர்கோட்டுல நடக்காது. கொஞ்சம் குறைச்சா வண்டி திணறும், கொஞ்சம் கூட்டுனா புகையும். முழு த்ராட்டில்ல ஜம்முன்னு போகும், சிக்னல்ல நின்னா தவிக்கும். 250-ஐ வித்துட்டு 150 வாங்குங்க.

டெட் டைமை (கரண்ட் கொடுத்ததுக்கும் இன்ஜெக்டர் திறக்கிறதுக்கும் நடுவுல ஆகுற தாமதம்) ஒரே எண்ணா வச்சுடாதீங்க. பேட்டரி வோல்ட்டேஜ் இறங்க இறங்க இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும், அதுக்கு ஒரு டேபிள் கட்டாயம். நைட்ல ஹெட்லைட் போட்டதும் ஐடில் மாறுதுன்னா முதல்ல இந்த டேபிளைத்தான் பார்க்கணும்.

பழங்காநத்தம்_டைமிங்
இதுல ஒரு பொறி இருக்கு. கேம் சிக்னல் இல்லாம கிராங்க் மட்டும் வச்சு ஓட்டுனா, எந்தச் சுத்து கம்ப்ரஷன், எந்தச் சுத்து எக்ஸாஸ்ட்னு இசியுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுத்துலயும் பாதிப் பாதியா அடிக்கணும். அப்ப ஐடில்ல 150 சிசிக்கே 0.96 மில்லி செகண்ட்தான். 250-ஓட பிரச்சினையே திரும்ப வந்து நிக்கும். கேம் பக்கம் ஒரு பல், ஒரு ஹால் சென்சார், ஒரு பின். சேர்த்துருங்க.

நாலு சிலிண்டர் வண்டியில பார்த்த ரெட்டை முனை காயில் (ஒரே நேரத்துல ரெண்டு பிளக்கை அடிக்கிறது) இங்க ஆகாது. 240 டிகிரிக்கு ஒரு ஃபயரிங். எந்த ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா மேல வராது. மூணு காயில் மூணு பிளக்குக்குத் தனித்தனி. கேம் சிங்க் கிடைக்கிற வரைக்கும் ஒவ்வொண்ணையும் ஒவ்வொரு சுத்துலயும் அடிக்கலாம், கிடைச்சதும் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவையா மாத்திக்கலாம்.

மேலமாசி_800
காயில் டிரைவரை போர்டுலயே வைக்கலாமா? ஐஎஸ்எல்9வி3040 ஐஜிபிடி (காயிலை ஆன்-ஆஃப் பண்ற ட்ரான்சிஸ்டர்) மூணு பார்த்து வச்சிருக்கேன்.

கப்பலூர்_காப்பர்
பார்ட் சரி, இடம் சரியில்லை. 3 மில்லிஹென்ரி, 0.6 ஓம் காயில்ல 7 ஆம்பியர் ஏத்துனா 73 மில்லிஜூல். பிளக் ஒயர் கழண்டு கிடந்தா அந்த மொத்த எனர்ஜியும் ஐஜிபிடிக்குள்ளயே எரியும். 6000-ல ஒவ்வொரு சுத்துக்கும் அடிச்சா ஒரு ஐஜிபிடிக்கு 7 வாட். 80க்கு 60 பெட்டிக்குள்ள அதை எங்க கொட்டுவீங்க? இக்னைட்டர் உள்ளேயே இருக்கிற ஸ்மார்ட் காயில் வாங்குங்க. இசியுல இருந்து 5 வோல்ட் லாஜிக் மட்டும் போகும், நடுவுல ஒரு 74எச்சிடி பஃபர் போதும். காயிலோட பவர் கிரவுண்ட் சிலிண்டர் ஹெட்டுல நேரா போல்ட் ஆகும், இசியு பக்கமே வராது. போர்டு பாதியாகும்.

அந்தக் காயிலோட டுவெல் (காயில் சார்ஜ் ஆகுற நேரம்) கணக்கையும் சொல்லிடுறேன், பல பேர் ஒரே எண்ணைப் போட்டுட்டு அவஸ்தைப்படுறாங்க. 7 ஆம்பியர் ஏற 14 வோல்ட்ல 1.8 மில்லி செகண்ட், 8 வோல்ட்ல 3.7. இக்னைட்டரோட வோல்ட் இழப்பைக் கழிக்காத கணக்கு இது, நிஜத்துல இன்னும் கொஞ்சம் கூடும். 14-க்குச் செட் பண்ணி விட்டா விடியக்காலையில செல்ஃப் சுத்தும், வண்டி எடுக்காது. 8-க்குச் செட் பண்ணுனா ஓடும்போது காயில் வேகும்.

காயில், இன்ஜெக்டர் ரெண்டு லைன்லயும் 10 கே புல்டவுன் மறக்காதீங்க. ரீசெட் நேரத்துல ப்ராசசர் பின் அந்தரத்துல தொங்கும். புல்டவுன் இல்லைன்னா கீ போட்ட உடனே காயில் சார்ஜ் ஆக ஆரம்பிச்சிரும்.

இன்ஜெக்டருக்கு 12 ஓம்னா 1.2 ஆம்பியர்தான். எம்சி33810 போட்டா நாலு இன்ஜெக்டர் டிரைவரும் கிளாம்பும் ஷார்ட் டிடெக்‌ஷனும் ஒரே சிப்புல. தனித்தனி மாஸ்ஃபெட் போடுறதா இருந்தா, இன்ஜெக்டருக்குக் குறுக்கே வெறும் ஃப்ரீவீல் டயோடு மட்டும் போட்டு விட்டுடாதீங்க. கரண்ட் சுத்திச் சுத்தி மெதுவா வடியும், ஊசி லேட்டா மூடும், பெட்ரோல் கூடப் போகும். 50, 60 வோல்ட்ல கிளாம்ப் ஆகணும்.

பல்சக்கரம்
கிராங்க் சென்சார் பத்தி யாரும் பேசல. ஹால் போடுங்க, அவுட்புட்டுக்கு 4.7 கே புல்அப், இரைச்சலுக்கு 10 கே–10 நானோஃபாரட் ஃபில்டர். முடிஞ்சது.

பழங்காநத்தம்_டைமிங்
அந்த ஃபில்டர்தான் வில்லன். 10 கே × 10 நானோ = 100 மைக்ரோ செகண்ட். 6000 ஆர்பிஎம்ல கிராங்க் அதுக்குள்ள 3.6 டிகிரி தாண்டிரும், 800-ல அரை டிகிரிதான். டைமிங் லைட் அடிச்சா ஐடில்ல சரியா நிக்கும், ஏறினா பின்னாடி போகும். ஆளுங்க டைமிங் டேபிளைக் குறை சொல்லி அதை மாத்திக்கிட்டே இருப்பாங்க. 1 கே, 1 நானோ போதும். அது ஒரு மைக்ரோ செகண்ட்.

பல்சக்கரம்
ஆமா, தப்புதான். 1 கே, 1 நானோ சரி. விஆர் (காந்தச் சுருள்) சென்சார் ஏற்கெனவே இன்ஜின்ல இருந்தா?

பழங்காநத்தம்_டைமிங்
இருந்தா அதையே எடுத்துக்கலாம், ஆனா கம்பரேட்டர் ஒண்ணைச் சும்மா மாட்டிட்டு உக்காரக் கூடாது. செல்ஃப் வேகத்துல அரை வோல்ட்டுக்கும் தவிக்கிற சிக்னல், மேல போனா பத்துக்கணக்கான வோல்ட்டா அடிக்கும். எம்ஏஎக்ஸ்9924 போடுங்க. உச்சத்தைப் பார்த்து தன் த்ரெஷோல்டை ஏத்தி இறக்கிக்கும், ஜீரோ கிராசிங்கை எடுத்துத் தரும். ரெண்டு ஒயரும் முறுக்கின ஜோடி, மேல ஷீல்டு, ஷீல்டை இசியு பக்கம் மட்டும் கிரவுண்ட் பண்ணணும். ஒயர் மாறிப் போச்சுன்னா வண்டி ஸ்டார்ட் ஆகும், அங்கதான் ஏமாத்தும். ஆனா பொக்கை இடத்துல சிக்னல் கோணலாகி சிங்க் விட்டு விட்டுப் போகும், ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும். ஆஸிலோஸ்கோப்ல பார்த்துட்டு மாட்டுங்க.

சாஃப்ட்வேர்ல பொக்கையைக் கண்டுபிடிக்கிறது: 36-1-ல அந்த இடைவெளி முன்னதைப் போல 2 மடங்கு, 60-2-ல 3 மடங்கு. மூணு சிலிண்டரை செல்ஃப்ல சுத்தும்போது ஒவ்வொரு கம்ப்ரஷனுக்கும் கிராங்க் திணறித் திணறிப் போகும், பல் இடைவெளியே நீண்டு சுருங்கும். 1.5 மடங்குக்கு மேல போனா பொக்கைன்னு 36-1-ல வச்சா சில நேரம் கம்ப்ரஷனே பொக்கை மாதிரி தெரியும். அதனால ரெண்டு பொக்கைக்கு நடுவுல சரியா 35 பல் எண்ணுன பிறகுதான் சிங்க்னு ஒத்துக்கணும். ஒண்ணு கூடக் குறைய வந்தா ஸ்பார்க்கை நிறுத்திட்டு மறுபடி முதல்ல இருந்து. சந்தேகத்தோட அடிக்கிற ஸ்பார்க் ஸ்டார்ட்டர் பல்லை உடைக்கும்.

பல்சக்கரம்
வீல் வெட்டுறவங்களுக்கு: 150 மில்லிமீட்டர் விட்டத்துல 36 பல்லுன்னா பல்லுக்குப் பல் 13 மில்லிமீட்டர், பல் அகலம் பாதி. 3 மில்லிமீட்டர் எம்எஸ் தகடு, கப்பலூர் சிட்கோ பக்கம் லேசர் கட்டிங்ல கொடுத்துரலாம். சென்சார் இடைவெளி 0.8-ல இருந்து 1 மில்லிமீட்டர். கிராங்க் புல்லியில ரப்பர் டேம்பர் இருந்தா வெளி வளையத்துல வெல்டு வைக்காதீங்க. ரப்பர் வழுக்கும், டைமிங்கும் கூடவே வழுக்கும். ஹப்புல போல்ட் பண்ணுங்க.

மேலமாசி_800
அண்ணன்மாரே, கிரவுண்டை ஒரே ப்ளேனா ஊத்திடலாமா, இல்ல பவர் கிரவுண்ட், சென்சார் கிரவுண்ட்னு பிரிக்கணுமா? இணையத்துல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

கப்பலூர்_காப்பர்
போர்டுக்குள்ள நாலு லேயர், ரெண்டாவது லேயர் முழுக்க ஒரே கிரவுண்ட். கத்தி வச்சுப் பிரிக்காதீங்க. டிரைவரை ஒரு ஓரம், அனலாகை எதிர் ஓரம் வச்சாலே கரண்ட் தன் வழியில போயிரும். சண்டை போர்டுக்குள்ள இல்லை, ஒயர்ல.

சரியா நசுங்காத ஒரு கிரிம்ப் 20 மில்லி ஓம்னு வச்சுக்குங்க. அது வழியா காயில் கரண்ட் 7 ஆம்பியர் போனா 140 மில்லிவோல்ட். மேப் (மேனிஃபோல்ட் அழுத்த) சென்சாரோட கிரவுண்டும் அதே கிரிம்ப்ல இருந்தா அந்த 140-ம் அழுத்தமா மாறிரும். எம்பிஎக்ஸ்4250 மேப் சென்சார்ல ஒரு கிலோபாஸ்கலுக்கு 20 மில்லிவோல்ட். ஆக 7 கிலோபாஸ்கல் பொய். ஐடில்ல நிஜம் 35. அஞ்சுல ஒரு பங்கு பெட்ரோல் கூடவோ குறையவோ போகுது, அதுவும் காயில் சார்ஜ் ஆகுற நேரத்துல மட்டும். கோடு பூராத் தேடுனாலும் கிடைக்காது, ஏன்னா அது கோடுல இல்லை.

சென்சார் கிரவுண்ட் எல்லாம் இசியு பின்னுக்கே திரும்பி வரணும், இன்ஜின்ல எங்கேயும் தொடக் கூடாது. இசியுவோட பவர் கிரவுண்ட் மூணு ஒயரும் இன்ஜின் பிளாக்குல ஒரே போல்ட்டுல. பெயிண்டைச் சுரண்டிட்டு முடுக்குங்க.

டர்போ இல்லாத இன்ஜினுக்கு 4250 எதுக்கு? எம்பிஎக்ஸ்4115 போடுங்க, 15-ல இருந்து 115 கிலோபாஸ்கல், கிலோபாஸ்கலுக்கு 46 மில்லிவோல்ட். அதே கிரிம்ப் கோளாறு 3 கிலோபாஸ்கலாகச் சுருங்கும். 5 வோல்ட் அவுட்புட்டை 5.6 கே–10 கே பிரிச்சா 3.2 வோல்ட், ப்ராசசரோட ஏடிசிக்கு (வோல்ட்டேஜைப் படிக்கிற பகுதி) பத்திரம். சென்சார் போர்டுல இருந்தா மேனிஃபோல்டை விட உயரத்துல இருக்கணும், ஹோஸ் கீழ் நோக்கி இறங்கணும். இல்லைன்னா பெட்ரோல் ஆவி ஹோஸ்ல தேங்கி சென்சாருக்குள்ள இருக்கிற ஜெல்லைக் கெடுக்கும்.

திருமங்கலம்_மெக்
மேப்பை ஒரே ஒரு ரீடிங் எடுத்து நம்பாதீங்க. மூணு சிலிண்டர்ல மேனிஃபோல்ட் அழுத்தம் மூச்சு விடுற மாதிரி ஏறி இறங்கும். 240 டிகிரி ஜன்னல் முழுக்க எடுத்து சராசரி.

போட்டி கொடைக்கானல் பக்கம்னா இன்னொண்ணு. மதுரையில 100 கிலோபாஸ்கல் பக்கம், கொடைக்கானல்ல 2100 மீட்டர்ல 78, 79. மேப் வச்சு ஓட்டுனா பெரும்பாலும் தானே சமாளிச்சுக்கும். த்ராட்டில் கோணத்தை மட்டும் வச்சு ஓட்டுற ஆல்ஃபா-என்னா மேல போகப் போக 20 சதவீதம் ரிச். கீ போட்டதும் ஒரு தடவை வெளிக்காத்து அழுத்தத்தைப் படிச்சு வச்சுக்கிறது பல கோடுல இருக்கு. வத்தலக்குண்டுல கீ போட்டு அணைக்காம மலை ஏறுனா அந்த எண் பழசு. ஆல்ஃபா-என்னா தனி பாரோ சென்சார் ஒண்ணு வைங்க.

ரோட்டு வண்டியில இதை மாட்டலாமான்னு யாராவது கேட்பீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு வண்டியை மாத்துறதைப் பத்தித்தான் பேசுது. காலேஜ் வண்டியோட நிறுத்திக்குங்க.

ஒத்தக்கடை_ஓம்
இன்ஜின்ல மாட்டுறதுக்கு முன்னாடி டேபிள்ல ஓட்டுங்க. ஒரு அர்டுயினோல 36-1 சிக்னலை உருவாக்கி 200-ல இருந்து 7000 வரைக்கும் ஏத்தி இறக்குங்க. இன்ஜெக்டர் இடத்துல 12 வோல்ட் பல்பு. சப்ளையை 14-ல இருந்து 6-க்குத் தட்டி விடுங்க, ரீசெட் ஆகக் கூடாது. 24 வோல்ட் ஒரு நிமிஷம். பிளஸ், மைனஸ் மாத்தி ஒரு நிமிஷம். சிக்னலை நடுவுல வெட்டுனா ஒரு செகண்டுக்குள்ள பம்ப் ரிலே விடணும். கேன் பஸ்ல ரெண்டு முனையிலும் 120 ஓம்; பவர் இல்லாம மீட்டர் வச்சா 60 காட்டணும்.

முதல் ஸ்டார்ட்ல இன்ஜெக்டர் ப்ளக்கைக் கழட்டிட்டு, ஸ்பார்க்கை 10 டிகிரியில பூட்டிட்டு, செல்ஃப் மட்டும் அடிச்சு டைமிங் லைட் பாருங்க. குறி நடுங்காம நின்னா பெட்ரோல். ஓட ஆரம்பிச்சதும் அதே 10 டிகிரி பூட்டுலயே 3000 வரைக்கும் ஏத்திப் பாருங்க. குறி நகர்ந்தா டைமிங் டேபிளைத் தொடாதீங்க. ஃபில்டரு, இல்லைன்னா விஆர் ஒயரு.

மேலமாசி_800
பின் கணக்கு போட்டுட்டேன், சரி பாருங்க. இன்ஜெக்டர் 3, காயில் 3, கிராங்க் 2, கேம் 1, கூலன்ட் 1, காத்து வெப்பம் 1, டிபிஎஸ் 1, ஆக்ஸிஜன் 1, ரிலே 3, ஐடில் வால்வு 1, டாக்கோ 1, கேன் 2, 12 வோல்ட் 2, பவர் கிரவுண்ட் 3, சென்சார் 5 வோல்ட் 1, சென்சார் கிரவுண்ட் 2, ஷீல்டு 1. மொத்தம் 29. ஆம்ப்சீல் 35 பின் கனெக்டர் எடுக்கிறேன், 6 மிச்சம். மேப் போர்டுலயே. அந்த ஆறுல நாக் சென்சாரும் லாஞ்ச் ஸ்விட்சும் போடலாம்னு பார்க்கிறேன்.

கப்பலூர்_காப்பர்
லாஞ்ச் ஸ்விட்ச் அப்புறம். ஆறுல ரெண்டை பவர் கிரவுண்டுக்குக் கொடுங்க, ஒண்ணை சென்சார் கிரவுண்டுக்கு. மீதி மூணுல என்ன வேணா பண்ணிக்குங்க.